ஒரே பீர், நான்கு பாத்திரங்கள்: இந்த அக்டோபரில் எதில் ஊற்றுவது?

போன அக்டோபரில் நாங்கள் எட்டுப் பேர் ஒரே வார இறுதியில், ஒரே குறிப்பை வைத்து, ஆளுக்கு 10 காலன் செசோன் என்ற பண்ணை பீர் காய்ச்சினோம். மொத்தம் சுமார் 300 லிட்டர். அது நொதித்து அடங்கியதும் அத்தனையையும் என் வீட்டு பேஸ்மெண்டுக்குக் கொண்டுவந்து நான்காகப் பிரித்தோம். 225 லிட்டர், ஒயின் இருந்த பழைய ஓக் மரப் பீப்பாய்க்குள் போனது. 19 லிட்டர், விஸ்கி இருந்த குட்டிப் பீப்பாய்க்குள். இன்னொரு 19 லிட்டர் ஓக் கட்டிகள் போட்ட கண்ணாடிக் குடுவைக்குள். கடைசி 19 லிட்டரை மரமே படாமல் ஸ்டீல் கெக்கில் (பீர் அடைக்கும் உருளையில்) அடைத்தோம். வண்டலில் போனது போக மிஞ்சியதை, பீப்பாயில் குறையும் அளவை அவ்வப்போது நிரப்புவதற்காக எடுத்து வைத்தோம்.

பதினோரு மாதம் ஆகிவிட்டது. மறுபடி காய்ச்ச வேண்டிய நேரம். ஒயின் பீப்பாயிலேயே தொடர்வதா, போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த முழு அளவு பீப்பாய் ஒன்று வாங்குவதா, ஆளுக்கொரு குட்டிப் பீப்பாய் எடுத்துக்கொண்டு அவரவர் வீட்டில் வைத்துக்கொள்வதா, பீப்பாயே வேண்டாம் என்று கண்ணாடிக்குப் போய்விடுவதா? மூன்று மாதமாக இதே பேச்சு. போன ஞாயிற்றுக்கிழமை நான்கையும் எடுத்து வரிசையாக வைத்து ருசித்துப் பார்த்த பிறகுதான் முடிவு வந்தது.

நாங்கள் இருப்பது மிஷிகன் மாநிலத்தில், ஆன் ஆர்பருக்குப் பக்கத்தில். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு பீர் காய்ச்சுவதை 1978-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம் அனுமதித்தது. ஒரு வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தால் ஆண்டுக்கு 200 காலன் வரை காய்ச்சலாம், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் இதை வீட்டில் செய்யச் சட்டம் இடம் தராது, அங்கிருந்து படிப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் ஒரு பாட்டிலைப் பார்த்து எதை எடுப்பது என்று யோசிப்பவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பீப்பாயில் ஊறியது என்று லேபிளில் போட்டிருந்தால், எந்தப் பீப்பாய் என்பதைப் பொறுத்து உள்ளே இருப்பது தலைகீழாக மாறிவிடும்.

முதலில் அடிப்படை பீரைப் பற்றிக் கொஞ்சம். பண்ணை ஏல், அதாவது பண்ணையில் காய்ச்சும் பீர் வகை, என்றால் இன்று பெரும்பாலும் நினைவுக்கு வருவது பெல்ஜியத்தின் எனோ மாகாணத்துச் செசோன். பிரெஞ்சில் அதற்குப் பருவம் என்று பொருள். குளிர்காலத்தில் பண்ணையிலேயே காய்ச்சி வைத்து, கோடை வேலைக்கு வரும் ஆட்களுக்குக் கொடுத்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. தூர்ப் கிராமத்தில் 1844 முதல் இருக்கும் பண்ணை ஆலை ஒன்றை 1920-ல் துப்போன் குடும்பம் வாங்கியது. இன்றைக்கு உலகத்தில் யார் செசோன் காய்ச்சினாலும் மனதில் வைத்து அளப்பது அங்கிருந்து வரும் செசோன் துப்போனைத்தான். 6.5 சதவீதம் ஆல்கஹால், வறண்ட முடிவு, மிளகும் கிராம்பும் கலந்த வாசனை, பாட்டிலைத் திறந்ததும் பொங்கி நிற்கும் நுரை. அதில் மரமும் இல்லை, புளிப்பும் இல்லை. ஆனால் மரத்தைத் தவிர வேறு பெரிய பாத்திரமே இல்லாத காலத்தில் பண்ணையில் காய்ச்சிய பீரில் காட்டு ஈஸ்டும் பாக்டீரியாவும் புகாமல் இருந்திருக்க வழியில்லை. அந்தப் பழைய குணத்தைத் திரும்பக் கொண்டுவருவதில் அமெரிக்காவின் சின்ன ஆலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. எங்களுக்கு ரொம்பப் பக்கத்தில், டெக்ஸ்டர் ஊரில், 2004-ல் ஜாலி பம்ப்கின் என்ற ஆலை தொடங்கியது. தங்கள் பீர் எல்லாவற்றையும் ஓக்கில் ஊறவைத்தார்கள். 2010-ல் டெக்சஸில் ஜெஸ்டர் கிங்கும் வெர்மாண்டில் ஹில் ஃபார்ம்ஸ்டெடும் வந்தன.

எங்கள் குறிப்பு எளிமையானது. பில்ஸ்னர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), கொஞ்சம் கோதுமை, கசப்புக்கு அளவான ஹாப்ஸ் பூ. ஹாப்ஸ் கூடினால் பிறகு புளிப்பைக் கொடுக்க வேண்டிய லாக்டோபாசிலஸ் பாக்டீரியா வேலை செய்யாது, அதனால் கையைக் கட்டித்தான் போட்டோம். தொடக்க கிராவிட்டி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.050. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இந்த எண் இறங்கும். துப்போன் வழி வந்த ஈஸ்டைப் போட்டு, வெப்பப் பட்டை சுற்றி 30 டிகிரியில் வைத்தோம். அந்த ஈஸ்டோடு பழகியவர்களுக்குத் தெரியும், 1.035 பக்கம் வந்ததும் அது படுத்துக்கொள்ளும். சூட்டைக் குறைக்காமல் பொறுமையாக இருந்தால் தானே எழுந்து வேலையை முடிக்கும். முடிந்தபோது 1.004, அதாவது சுமார் 6 சதவீதம். அதுவரை அது சாதாரணச் செசோன்.

அதன் பிறகுதான் பரிசோதனை. ஓர்வால் மடத்து பீர் பாட்டில்கள், ஜாலி பம்ப்கின் பாட்டில்கள் ஆகியவற்றின் அடியில் தங்கியிருந்த வண்டலை நான்கு பாத்திரங்களிலும் ஒரே விகிதத்தில் ஊற்றினோம். ஓர்வால் வண்டலில் பிரெட்டனோமைசிஸ் இருக்கும். 1904-ல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் நீல்ஸ் கிளாவ்சன் இங்கிலாந்து பீர்களில் கண்டு பெயர் சூட்டிய ஈஸ்ட் அது, பெயருக்கே பிரித்தானியப் பூஞ்சை என்று பொருள். எல்லோரும் பிரெட் என்று சுருக்கித்தான் கூப்பிடுவோம். சாதாரண ஈஸ்ட் தொடாமல் விட்ட சர்க்கரையை அது மாதக்கணக்கில் மெதுவாகத் தின்றுகொண்டிருக்கும். நல்ல நாளில் அன்னாசி வாசனை, இன்னொரு நாளில் குதிரை லாயம். ஜாலி பம்ப்கின் வண்டலில் இதோடு புளிப்பைக் கொடுக்கும் பாக்டீரியாக்களும் வந்துவிடும்.

ஆக மால்ட் ஒன்று, ஈஸ்ட் ஒன்று, வண்டல் ஒன்று, இருந்த இடமும் ஒன்று. மாறியது பாத்திரம் மட்டும்.

எப்படி ருசித்தோம்

பெரிய பீப்பாயிலிருந்து மாதிரி எடுக்க மேல் அடைப்பைத் திறக்கக் கூடாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே காற்று போகும், பீரின் மேல் படர்ந்திருக்கும் வெள்ளை ஏடு கலையும். அந்த ஏடுதான் காற்றுக்கு ஒரு திரை மாதிரி நிற்கிறது. கலிஃபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் ஆலையைச் சேர்ந்த வின்னி சிலூர்சோ இதற்கு ஒரு எளிய வழி கண்டுபிடித்தார். பீப்பாயின் தட்டை முகத்தில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, அதில் துருப்பிடிக்காத ஸ்டீல் ஆணி ஒன்றை அடித்து வைத்துவிடுவது. ருசி பார்க்க வேண்டுமென்றால் ஆணியைப் பிடுங்கினால் போதும். ஊசி நூல் தடிமனில் பீர் பீய்ச்சிக்கொண்டு வரும். கிளாஸ் கால்பங்கு நிறைந்ததும் ஆணியைத் திரும்பச் செருகி, சுத்தியலால் ஒரு தட்டு. வழிந்த ஒரு சொட்டைத் துடைத்து, அந்த இடத்தில் கிருமிநாசினி தெளித்துவிடுவோம்.

மற்ற மூன்றும் தயாராக இருந்தன. எது எது என்று தெரியாதபடி என் மனைவி கிளாஸ்களுக்கு எண் போட்டுக் கொடுத்தார். குளிர்சாதனப் பெட்டிக் குளிரில் வாசனை எழாது என்பதால் பேஸ்மெண்டின் சூட்டிலேயே, கிட்டத்தட்ட 14 டிகிரியில், வைத்தோம். நடுநடுவே நாக்கைத் துடைக்க ரொட்டியை விட உப்பில்லாத பொரி ரொம்ப நல்லது. வாயில் எந்த ருசியையும் விட்டுவைக்காது. எங்கள் எட்டுப் பேரில் அமெரிக்கர்கள் நான்கு பேரும் இப்போது பொரிக்கு மாறிவிட்டார்கள்.

குட்டிப் பீப்பாய்

ஆளுக்கொரு குட்டிப் பீப்பாய் என்ற யோசனைதான் எங்களிடையே அதிக ஆதரவு பெற்றிருந்தது. பார்க்க அழகு, ஒருவராகத் தூக்கலாம், அலமாரியில் வைக்கலாம். எட்டுப் பேருக்கு எட்டு விதமாகச் செய்து பார்க்கலாம் என்ற ஆசையும் சேர்ந்துகொண்டது. நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன்.

அந்தப் பீப்பாயில் பீரை ஊற்றிய ஆறாவது வாரமே எடுத்துப் பார்த்தோம். திருநெல்வேலி நண்பர் முகர்ந்துவிட்டு, "கொப்பரை மூட்டையைப் பிரிச்ச மாதிரி இருக்கு" என்றார். அவர் மூக்கு சரியாகவே சொன்னது. அமெரிக்க வெள்ளை ஓக்கில் ஓக் லாக்டோன் என்ற பொருள் அதிகம், அதன் வாசனை அச்சு அசலாகத் தேங்காய்தான். கூடவே வெனிலா, உள்சுவர் கரியின் புகை, விஸ்கியின் காந்தல். செசோனின் மிளகு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. நான்காவது மாதம் நாக்கின் இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கும் துவர்ப்பு வந்துவிட்டது, பச்சை வாழைக்காயைக் கடித்தது போல. அதற்கு மேல் வைத்தால் கெட்டுவிடும் என்று பாட்டிலில் அடைத்தோம். ஞாயிற்றுக்கிழமை திறந்த பாட்டிலில் மர வாசனை கொஞ்சம் தணிந்திருந்தது. ஆனால் அதன் கீழே மறைந்திருந்தது மேலே வந்துவிட்டது. நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனை, பின்னாலேயே வினிகர்.

காரணம் கணக்கில் இருக்கிறது. பாத்திரம் சின்னதாக ஆக ஆக ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் மரப்பரப்பு கூடும். 225 லிட்டர் பீப்பாயோடு ஒப்பிட்டால், அதே வடிவத்து 19 லிட்டர் பீப்பாயில் ஒரு லிட்டர் பீர் தொடும் மரம் கிட்டத்தட்ட இரண்டேகால் மடங்கு. மரம் என்றால் வாசனை மட்டும் இல்லை, காற்றும்தான். பலகை இடுக்கு வழியாகவும் மரத்தின் ஊடாகவும் ஆக்சிஜன் கசிந்துகொண்டே இருக்கும். குட்டிப் பீப்பாயின் பலகைகள் பெரும்பாலும் மெல்லியவை வேறு. அசிட்டோபாக்டர் என்ற வினிகர் பாக்டீரியாவுக்குக் காற்று இருந்தால்தான் பிழைப்பு. காலையில் இறக்கிய கள்ளை விட்டுவைத்தால் என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிரெட்டும் காற்று கூடினால் அசிட்டிக் அமிலம் செய்யும். அந்த அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்துதான் நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனை தரும் எத்தில் அசிட்டேட் ஆகிறது.

பிரெட்டுக்கு ஓராண்டு வேண்டும். குட்டிப் பீப்பாய் நான்கு மாதத்துக்கு மேல் பொறுக்காது. இந்த முரண்பாட்டுக்கு எங்களிடம் தீர்வு இல்லை. வெளியே மெழுகு பூசிக் காற்றைக் குறைக்கலாம், நாலைந்து முறை வேறு பீரை நிரப்பி எடுத்து மரத்தின் காரத்தைக் கழிக்கலாம். அவ்வளவு உழைப்பையும் 19 லிட்டருக்காகப் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. விலையும் குறைவில்லை. நாங்கள் கொடுத்தது பெரிய பழைய பீப்பாய்க்குக் கொடுத்ததற்கு ஏறக்குறைய சமம்.

முழு அளவு போர்பன் பீப்பாயைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. அமெரிக்கச் சட்டப்படி போர்பனைப் புதிய, உள்ளே கரியாக்கிய ஓக்கில்தான் வைக்க வேண்டும், அதனால் ஒரு முறை பயன்படுத்திய 53 காலன் பீப்பாய்கள் தாராளமாகக் கிடைக்கும். வாங்குவது சுலபம். 10 சதவீதத்துக்கு மேல் போகும் கறுத்த ஸ்டவுட்டுக்கு அது அருமையான வீடு, சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலை 1990-களிலேயே அதைக் காட்டிவிட்டது. ஆனால் 6 சதவீதச் செசோனுக்கு அந்த விஸ்கியும் கரியும் சுமை. குட்டிப் பீப்பாயில் நாங்கள் கண்ட கொப்பரையும் புகையும் இதிலும் வரும், வேகம்தான் கொஞ்சம் குறையும். வேண்டாம்.

கண்ணாடியும் ஸ்டீலும்

ஸ்டீல் கெக்கை ஓர் அளவுகோலாகத்தான் வைத்தோம், அதில் பெரிதாக எதுவும் எதிர்பார்க்கவில்லை. மாதம் ஒரு முறை அழுத்தத்தை வெளியேற்றியதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிளாஸ்தான் எல்லோரையும் நிமிர வைத்தது. பளிச்சென்று எலுமிச்சைத் தோல், அன்னாசி, அடியில் லேசான தோல்பை வாசனை. புளிப்பு மிதம். குறை என்றால் ஒன்றுதான், ஒரே கோட்டில் போய் முடிந்துவிடுகிறது. வாயில் வைத்ததும் என்ன இருந்ததோ அதுவே விழுங்கும்வரை இருக்கிறது. கிராவிட்டி 1.003-ல் நின்றிருந்தது.

கண்ணாடிக் குடுவையில் 40 கிராம் பிரெஞ்சு ஓக் கட்டிகள் போட்டிருந்தோம், மிதமாக வறுத்தவை. நீராவியில் காட்டி, முதல் சாற்றைக் கொட்டிவிட்டுப் போட்டது. பிரெஞ்சு ஓக்கில் தேங்காய் குறைவு, மசாலா வாசனையும் நிதானமான துவர்ப்பும் உண்டு. இந்தக் கிளாஸ் எனக்கு ரொம்பப் பிடித்தது. வெனிலா எங்கோ பின்னால், முன்னால் மிளகு, முடிவில் டீ குடித்த மாதிரி ஒரு சின்னத் துவர்ப்பு. மரம் கூடிவிட்டது என்று தோன்றினால் பீரை வேறு குடுவைக்கு மாற்றிவிடலாம், குறைந்தால் இன்னும் பத்து கிராம் போடலாம். அளவு நம் கையில் இருக்கிறது. பீப்பாயில் இந்த வசதி கிடையாது.

ஆபத்து ஒன்று உண்டு, அதை நாங்களே அனுபவித்தோம். ஜனவரியில் வீட்டு ஹீட்டர் இரவும் பகலும் ஓடும்போது காற்று காய்ந்துபோகும். குடுவை வாயில் காற்று புகாமல் தடுக்கும் ஏர்லாக்கில் விட்ட தண்ணீர் இரண்டே வாரத்தில் வற்றிவிட்டது. நான் பார்ப்பதற்குள் எத்தனை நாள் திறந்து கிடந்ததோ. அந்தக் குடுவையில் மூக்கை நன்றாக விட்டால் இன்றைக்கும் ஒரு துளி வினிகர் தெரியும். நவம்பரிலிருந்து மார்ச் வரை வாரம் ஒரு முறை ஏர்லாக்கைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

தனியாகக் காய்ச்சும் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டால், இதைத்தான் சொல்வேன். பீப்பாயைத் தேடி அலைய வேண்டாம். கண்ணாடி, ஓக் கட்டி, பொறுமை.

ஒயின் பீப்பாய்

மிஷிகனின் வடக்கே, டிராவர்ஸ் சிட்டியைச் சுற்றியுள்ள தீபகற்பங்களில் திராட்சை நன்றாக விளைகிறது. எங்கள் பீப்பாய் அந்தப் பக்கத்து ஒயின் கூடம் ஒன்றில் கேபர்னே ஃப்ரான் என்ற சிவப்பு ஒயின் ஊறிய பிரெஞ்சு ஓக். பல வருடம் ஒயின் வைத்ததில் மர வாசனை ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்தது. ஒயின்காரர்களுக்கு அது ஓய்வுபெற்ற பீப்பாய், எங்களுக்கு அதுதான் வேண்டும். காலியாக 50 கிலோ இருக்கும். பீரை ஊற்றிவிட்டால் 275 கிலோ, பிறகு நகர்த்த முடியாது. எங்கே வைக்கப்போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். கொதிநீர் ஊற்றிப் பலகைகளை உப்ப வைத்தோம், ஒரு இடத்தில் கசிந்ததை மெழுகு வைத்து அடைத்தோம்.

இந்தப் பீப்பாய் எங்களை ஒரு முறை நன்றாகப் பயமுறுத்தியது. நான்காம் மாதம் ஆணியைப் பிடுங்கியபோது பீர் பீய்ச்சவில்லை, வழிந்தது. கிளாஸைச் சாய்த்தால் வெண்டைக்காய் நறுக்கிய கத்தியில் இழுபடுமே, அப்படி ஒரு கொழகொழப்பு. பீடியோகாக்கஸ் என்ற பாக்டீரியா செய்கிற வேலை இது. பெல்ஜியத்தில் லாம்பிக் என்ற புளிப்பு பீர் காய்ச்சுகிறவர்கள் இதை பீருக்கு நோய் வந்திருக்கிறது என்பார்கள், நோய் தீரும்வரை காத்திருப்பார்கள். பிரெட் அந்தப் பசையைச் சாப்பிட்டுத் தீர்த்துவிடும். எங்களில் இரண்டு பேர் கொட்டிவிடலாம் என்றார்கள். குழுவில் மூத்தவர், இருபது வருடமாகக் காய்ச்சுகிறவர், கையைப் பிடித்துத் தடுத்தார். ஏழாம் மாதம் பீர் மறுபடி தண்ணீராக ஓடியது. எட்டாம் மாதம் இன்னொரு தொல்லை. விழுங்கிப் பத்து நொடி கழித்துத் தொண்டையின் பின்னாலிருந்து எலிக்கூண்டு மாதிரி ஒரு ருசி. காற்று பட்ட புளிப்பு பீரில் இது வருவதுண்டு. அமிலத்தில் இருக்கும்வரை அதன் வாசனை எழாது, உமிழ்நீர் பட்டதும்தான் தெரியும். சிலருக்குத் தெரியவே தெரியாது. எங்கள் எட்டுப் பேரில் மூன்று பேர் கடைசிவரை அப்படி ஒன்று இல்லை என்றே சொன்னார்கள். அதற்கும் மருந்து காலம்தான்.

பதினோராம் மாதத்துக் கிளாஸ் இதோ. வைக்கோல் நிறத்தில் ஊற்றிய பீர் ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பாக இருக்கிறது, மரத்தில் ஊறியிருந்த ஒயினின் சாயம். முகர்ந்தால் முதலில் செர்ரித் தோல். கொஞ்சம் சூடேறியதும் மழை பெய்த களத்தில் வைக்கோல் போர் மணக்குமே, அது. வாயில் வைத்தால் நீராகாரத்தின் அந்த மெல்லிய புளிப்பு, நாக்கின் நடுவில் வட்டமாக. அதன் பிறகுதான் மிளகு வருகிறது, அது போன பிறகு சுண்ணாம்பு தொட்ட மாதிரி ஒரு வறட்சி. கடைசியில், எதிர்பார்க்காத நேரத்தில், துளி வெனிலா. ஒரு வாய் பீருக்குள் நாலைந்து வாசல்கள் திறந்து மூடுகின்றன. கிராவிட்டி 1.001. வினிகர் இல்லை.

இது மரத்தின் ருசி என்று நான் முன்பு நினைத்திருந்தேன். நான்கு கிளாஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்த பிறகு அப்படி நினைக்கவில்லை. மரத்தின் ருசி வேண்டுமென்றால் குட்டிப் பீப்பாயில் இதை விடப் பத்து மடங்கு இருந்தது, கட்டிகள் போட்ட கண்ணாடியிலும் இதை விட அதிகம். பெரிய பழைய பீப்பாய் கொடுப்பது நிதானமாக, துளித்துளியாக உள்ளே வரும் காற்று. வினிகராக மாறும் அளவுக்குப் போகாது, ஆனால் பிரெட் உயிரோடு வேலை செய்யப் போதும். அதோடு அந்த மரத்தின் துளைகள் ஒரு வீடு. வறுத்த ஓக்கில் இருக்கும் செல்லோபயோஸ் சர்க்கரையைக்கூடச் சில பிரெட் வகைகள் தின்று வாழும். ஒரு முறை குடியேறிவிட்டால் எந்தக் கொதிநீராலும் முழுசாக வெளியேற்ற முடியாது. சுத்தமான பீர் காய்ச்ச நினைப்பவருக்கு அது பிரச்சினை, எங்களுக்கு அதுதான் சொத்து.

கலந்து பார்த்தபோது

முடிவு இங்கேயே வந்திருக்க வேண்டும். ஆனால் மூத்தவர் ஒரு சிரிஞ்சை எடுத்தார். பிரஸ்ஸல்ஸ் பக்கத்துக் குவேஸ் பீர் எல்லாமே ஒரு வயது, இரண்டு வயது, மூன்று வயது லாம்பிக்கைக் கலந்து செய்வதுதான். 1900 முதல் இருக்கும் கான்டியோன் ஆலையிலும் அதுதான் நடக்கிறது. நாமும் கலந்து பார்த்தால் என்ன என்றார். 75 மில்லி பீப்பாய் பீர், 25 மில்லி ஸ்டீல் கெக் பீர். ஒரு சுழற்று சுழற்றி நீட்டினார்.

பீப்பாய் பீரில் கொஞ்சம் மங்கியிருந்த எலுமிச்சை முன்னால் வந்து நின்றது. ஸ்டீல் பீரில் இல்லாத ஆழம் பின்னால் நின்றது. பாதிக்குப் பாதியும் பார்த்தோம், பீப்பாயின் குணம் கரைந்துபோனது. ஒன்பதுக்கு ஒன்றில் வித்தியாசமே தெரியவில்லை. மூன்றுக்கு ஒன்றுதான் சரி. எண் மட்டும் போட்ட கிளாஸ்களில் எட்டுப் பேரில் ஏழு பேர் அதையே எடுத்தார்கள். எட்டாமவர் கண்ணாடிக் குடுவைப் பக்கம் நின்றார், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இந்த விகிதம் எங்கள் கேள்வியையே மாற்றிவிட்டது. கெக்கில் இருப்பது 19 லிட்டர். அதற்கு மூன்று பங்கு, 57 லிட்டர், பீப்பாயிலிருந்து எடுத்தால் போதும். அதாவது பீப்பாயில் கால்வாசி. மீதி முக்கால்வாசியைத் தொடாமல், எடுத்த அளவுக்குப் புதிய செசோனை ஊற்றிவிட்டால், உள்ளே இருக்கும் பிரெட் குடும்பத்துக்கு ஆண்டுக்கொரு முறை சாப்பாடு போட்ட மாதிரி. ஸ்பெயினில் ஷெர்ரி ஒயின் செய்யும் சொலேரா முறையும் இதுதான். ஒவ்வோர் ஆண்டும் கால்வாசி எடுத்துக் கால்வாசி நிரப்பினால், காலப்போக்கில் எடுக்கும் நேரத்தில் பீரின் சராசரி வயது நான்கை நெருங்கும். நாங்கள் காய்ச்ச வேண்டியதும் குறைகிறது. இரண்டு பேரின் 20 காலன், சுமார் 76 லிட்டர். அதில் 57 பீப்பாய்க்கு, 19 கெக்குக்கு. வண்டல் கழிவுக்கும் நடுவில் குறைவதை நிரப்பவும் மூன்றாமவர் ஒருவர் கொஞ்சம் காய்ச்சினால் ஆயிற்று. மற்ற ஐந்து பேரும் அவரவர் வீட்டுக் கண்ணாடிக் குடுவையில் என்ன வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

இதில் ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. ஒரே பீப்பாயில் எல்லாம் இருக்கிறது. ஒரு முறை வினிகர் வாடை வந்துவிட்டால் நான்கு ஆண்டு பீரும் போகும். அதனால் குறையும் அளவை மாதத்துக்கு ஒரு முறை நிரப்புவது, ஆணி வழியாக மட்டும் மாதிரி எடுப்பது, அதுவும் காலாண்டுக்கு ஒரு முறைக்கு மேல் எடுப்பதில்லை என்று எழுதி பேஸ்மெண்ட் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

பாட்டிலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பீப்பாய் பீர் 1.001, கெக் பீர் 1.003, கலந்தால் நடுவில் ஒரு எண். பிரெட் மிச்சத்தையும் தின்னும். கிராவிட்டி 0.001 இறங்கினாலே பாட்டிலுக்குள் பீரின் கன அளவில் கிட்டத்தட்ட பாதி அளவு கார்பன் டை ஆக்சைடு கூடும், அது நாம் போடும் சர்க்கரைக்கு மேலே. சாதாரண பீர் பாட்டில் இதைத் தாங்காது. ஷாம்பெயின் வகைத் தடித்த பாட்டிலில்தான் அடைக்கப் போகிறோம், லிட்டருக்கு 9 கிராம் சர்க்கரை, ஒரு வருடம் அமிலத்தில் கிடந்து களைத்துப்போன ஈஸ்டுக்குத் துணையாகக் கொஞ்சம் புதிய ஒயின் ஈஸ்ட்.

76 லிட்டருக்கு 750 மில்லி பாட்டில் நூறு வரும். ஆளுக்குப் பன்னிரண்டு போக நான்கு மிஞ்சும். அந்த நான்கையும் என் பேஸ்மெண்டில் படுக்க வைத்துவிட்டு, ஒவ்வோர் அக்டோபரும் புதிய கலவையைப் பார்க்கும்போது பக்கத்தில் வைத்துக் குடிக்க ஆண்டுக்கொன்றாக எடுக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். இந்த ஆண்டு காய்ச்சும் முறை எனக்கும் திருநெல்வேலி நண்பருக்கும். மால்ட் வந்துவிட்டது, அடுத்த சனிக்கிழமை அடுப்பு பற்ற வைக்கிறோம்.